பறக்கிற கார் தெரியுது, பறந்துபோன வரி தெரியுதா?



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் ஒரு லம்போர்கினி உறுமிக்கொண்டு போனால் போதும். நாலு பேர் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறாங்க. மதியத்துக்குள் அது ரீல்ஸ் ஆகிறது. சாயங்காலத்துக்குள் கமெண்ட்டில் போர் மூண்டுவிடுகிறது. "உழைச்சு வாங்கினார், உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்று ஒரு கூட்டம். "முதல்ல வரி கட்டினாரான்னு கேளு" என்று இன்னொரு கூட்டம். யாருடைய கார், எந்த நடிகர், எந்தத் தொழிலதிபர் என்று பெயர் தெரிந்துவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம். நம்ம தோழர்களே இரண்டு பக்கமும் பிரிந்து நின்று ராத்திரி முழுக்க அடித்துக்கொள்கிறார்கள்.

"வரி கட்டினாரா?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கட்டின வரி எங்கே போச்சு? அதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வந்தது? இதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், கணக்கும் வரும். பொறுமையாகப் படியுங்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கார் மேல் ஆசைப்படுவது குற்றமில்லை. வேகத்தின் மேல் ஆசைப்படுவதும் குற்றமில்லை. கோவைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்க. அந்த ஊர் ஜி.டி. நாயுடுவைத் தந்த ஊர். கரிவர்தன் அந்த ஊரில் உட்கார்ந்து மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டினார். நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் பந்தயத்துக்கு வரட்டும் என்று வழி திறந்துவிட்டவர் அவர். இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரர் நரேன் கார்த்திகேயன் அந்த மண்ணிலிருந்து போனவர்தான். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பார்முலா 4 கார்கள் ஓடியதை ஊரே போய்ப் பார்த்தது. எனவே "ஏழை நாட்டுக்கு எதுக்குய்யா பெராரி?" என்று நாம் கேட்கப்போவதில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், ஓட்டட்டும். சட்டப்படி உள்ளே கொண்டுவரட்டும், வரியை இங்கே கட்டட்டும்.

சரி, சட்டப்படி கொண்டுவருவது என்றால் என்ன?

வெளிநாட்டில் செய்த ஒரு காரைப் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் ஒன்றிய அரசு குறிப்பிட்டிருக்கிற துறைமுகங்கள், விமான நிலையங்கள், சரக்கு முனையங்கள் வழியாகத்தான் வர முடியும். அதில் நம்ம சென்னைத் துறைமுகமும் ஒன்று. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இடது ஓரமாகப் போகிற நம்ம சாலைக்கு ஏற்றபடி ஹெட்லைட் வெளிச்சம் விழ வேண்டும். அதற்கு முன் யாருக்கும் விற்றிருக்கவோ, வாடகைக்கு விட்டிருக்கவோ, பதிவு செய்திருக்கவோ கூடாது. இந்த நாட்டுச் சாலைக்கு அது தகுதியானதுதான் என்று சோதனைச் சான்று வேண்டும். இதில் 2018இல் ஒரு தளர்வு வந்தது. தயாரிப்பாளரோ அவருடைய அதிகாரபூர்வ முகவரோ கொண்டுவந்தால், ஐரோப்பா, ஜப்பான் மாதிரி நாடுகளின் சான்றை ஏற்று, ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை இங்கே தனியாகச் சோதிக்காமல் விடலாம் என்றார்கள். ஆண்டுக்குப் பத்து வண்டி விற்கிற அரிய மாடல்களுக்கு இது பெரிய வசதி. ஒரே ஒரு காரை விற்பதற்காக இன்னொரு காரைச் சுவரில் மோதி உடைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பயன்படுத்திய கார் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். செய்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இதனால் என்ன ஆகிறது தெரியுமா? நம்ம பசங்க போனில் வால்பேப்பராக வைத்திருக்கிற நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., பழைய டொயோட்டா சூப்ரா போன்ற தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களைச் சாதாரண ஆள் இன்றைக்குச் சட்டப்படி இறக்குமதி செய்து ஓட்ட வழியே இல்லை. மூன்று வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. 50 வருடம் ஆன வண்டிகளுக்கு மட்டும் 2021இல் தனி விதி வந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு நம்பர் தருகிறார்கள். கண்காட்சி, பேரணி மாதிரிக் காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம், தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போக முடியாது. இந்த மூன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் கள்ள வியாபாரம் வளர்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இப்போ கணக்கு.

கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு பெட்ரோல் கார் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள புதுக் காருக்கு மொத்தச் சுங்கம் 110 சதவீதம். ஆக வண்டி தரையைத் தொட்டதுமே இரண்டு கோடியே பத்து லட்சம். அதன்மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஜி.எஸ்.டி. அது 84 லட்சம். இப்போது விலை இரண்டு கோடியே 94 லட்சம். அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். இந்த மாதிரி வண்டிக்கு அது நாற்பது லட்சத்துக்குக் குறையாது. மொத்தத்தில் ஒரு கோடி கார் நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுக்கு வரும்போது மூன்றேகால் கோடியைத் தாண்டிவிடுகிறது.

"அடேங்கப்பா, பணக்காரன்கிட்ட நல்லா வாங்குறாங்களே" என்று தோன்றும். வாங்கட்டும். வாங்கின பணம் எந்தப் பைக்குள் போகிறது என்று பாருங்க.

ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்துக்கு. ஆயுட்கால வரி முழுக்க மாநிலத்துக்கு. நடுவில் இருக்கிற 110 சதவீதச் சுங்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

2025 பட்ஜெட்டுக்கு முன்னால் அந்த 110 எப்படி இருந்தது? அடிப்படைச் சுங்க வரி 100 சதவீதம், சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம். அடிப்படைச் சுங்க வரி என்பது மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பொதுத் தொகுப்பில் சேரும். 15ஆவது நிதிக்குழு வகுத்த கணக்குப்படி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு.

2025 பட்ஜெட்டில் என்ன செய்தார்கள்? அடிப்படை வரியை 70 ஆகக் குறைத்தார்கள். "சொகுசுக் காருக்கு வரி குறைப்பு!" என்று அன்றைக்குத் தலைப்புச் செய்தி ஓடியது, ஞாபகம் இருக்கும். குறைத்த கையோடு 40 சதவீதம் செஸ் போட்டார்கள். கூடுதல் வரியை எடுத்துவிட்டார்கள். 70 கூட்டல் 40, அதே 110. வாங்குகிறவருக்கு ஒரு பைசா மாறவில்லை. கார் கம்பெனிக்கு மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. செஸ்ஸையும் கூடுதல் வரியையும் மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு. முன்பு அப்படிப் பகிராமல் வைத்துக்கொண்டது 10. இப்போது 40.

நம்ம ஒரு கோடி ரூபாய்க் காரையே எடுத்துக்குங்க. முன்பு பொதுத் தொகுப்பில் விழுந்தது ஒரு கோடி. அதில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 லட்சம். இப்போது விழுவது 70 லட்சம். மாநிலங்களுக்கு 28 லட்சத்து 70 ஆயிரம். ஒரே ஒரு காரில் 12 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் மாநிலங்களின் கையிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டது. இந்தப் பகிர்வில் 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 சதவீதம். அதாவது நம்ம துறைமுகத்தில் இறங்கி, நம்ம சாலையில் ஓடப்போகிற காரின் சுங்கத்தில் முன்பு நமக்கு வந்தது சுமார் ஒரு லட்சத்து 67 ஆயிரம். இப்போது ஒரு லட்சத்து 17 ஆயிரம்.

சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீங்க. காரில் மட்டுமா இப்படி நடக்கிறது? கார் ஒரு உதாரணம். பளபளப்பாக இருப்பதால் கண்ணில் படுகிற உதாரணம்.

அந்தச் செஸ்ஸின் பெயரைச் சொன்னால் சிரிப்பீங்க. வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டு செஸ். 2021இல் கொண்டுவந்தது. பெராரி இறக்குமதியாகும்போது வேளாண்மைக்கென்று வரி! இருக்கட்டும், விவசாயிக்குப் போனால் யாருக்கு வருத்தம்? ஆனால் வேளாண்மை அரசியலமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்தால் மாநில அரசைத்தான் கேட்கிறோம். வாய்க்கால் தூர்வாரவில்லை என்றாலும் மாநில அரசைத்தான் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். வேளாண்மையின் பெயரால் வசூலாகிற பணத்தில் மட்டும் மாநிலத்துக்கு உரிமைப் பங்கு கிடையாதாம். அவர்கள் திட்டம் போட்டு, அவர்கள் விதி எழுதி, அவர்கள் கொடுத்தால் உண்டு.

இதைச் சொன்னவுடன் சிலர், "அப்போ நுழைவு வரி வழக்கு என்ன ஆச்சு?" என்று பழைய கதையை எடுப்பாங்க. எடுக்கட்டும். அந்தக் கதையையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1990இல் ஒரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து மாநிலத்துக்குள் கொண்டுவரப்படும் மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரி. வெளிநாட்டிலிருந்து நேராக இறக்குமதியான காருக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பல பேர் உயர்நீதிமன்றம் போனார்கள். அதில் ஒரு முன்னணி நடிகர், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்காக 2012இல் வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்து, கடுமையான வார்த்தைகளும் சொல்லி, ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். அன்றைக்கு இணையம் பற்றி எரிந்தது. அந்த மாதமே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. 2022 ஜனவரியில் அந்த விமர்சன வார்த்தைகள் தீர்ப்பிலிருந்து நீக்கப்பட்டன. தடையும் நீக்கமும் வந்தபோது, எரிந்த இணையத்தில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயர் வந்தால் விவாதம் செத்துவிடுகிறது. ஒரு வரி தனக்குப் பொருந்தாது என்று நினைக்கிற குடிமகன் நீதிமன்றம் போவது அவருடைய உரிமை. ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அந்த உரிமை உண்டு, ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டுகிறவருக்கும் உண்டு. வழக்குப் போட்டதற்காகவே ஒருவரை வரி ஏய்ப்பவர் என்று முத்திரை குத்துவது நம்ம அரசியல் இல்லை.

அந்தச் சட்டக் கேள்விக்கு விடை முன்பே வந்துவிட்டிருந்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நுழைவு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பெரும்பான்மையாகச் சொன்னது. 2017 அக்டோபரில் கேரள அரசின் வழக்கில், இறக்குமதியான வாகனத்துக்கும் அது பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் ஜெயித்துவிட்டன என்று பட்டாசு வெடித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அதற்குள் அந்த அதிகாரமே மாநிலத்தின் கையில் இல்லை. ஜி.எஸ்.டி.க்காகக் கொண்டுவந்த 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலப் பட்டியலில் 52ஆவதாக இருந்த நுழைவு வரி அதிகாரத்தையே தூக்கி எறிந்திருந்தது. பழைய பாக்கிக்காக மட்டும்தான் வழக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. 2021இல் இணையத்தில் நாம் யாருக்காக அடித்துக்கொண்டோம் பாருங்க. செத்துப்போன ஒரு வரிக்காக. அதைப் பறித்தது யார் என்று அன்றைக்கு யாரும் ஒரு பதிவு போடவில்லை.

இப்போது மாநிலத்தின் கையில் மிச்சம் இருப்பது, மாநிலப் பட்டியலின் 57ஆவது இனம். சாலையில் ஓடுகிற வாகனங்கள் மீதான வரி. நாம் சொல்கிற அந்த ரோடு டாக்ஸ், ஆயுட்கால வரி. அதனால்தான் பதிவு எங்கே நடக்கிறது என்பது இவ்வளவு முக்கியம்.

சென்னையில் கவனித்தால் தெரியும். விலை உயர்ந்த கார்கள் பலவற்றில் புதுச்சேரி நம்பர் இருக்கும். புதுச்சேரி நம்பர் வைத்திருப்பவர் எல்லாம் திருடர் என்று சொல்லிவிடாதீங்க. புதுச்சேரியில் குடியிருக்கிறவர்கள், தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேறு எங்கே பதிவு செய்வார்கள்? பிரச்சினை, போயஸ் தோட்டத்திலோ நுங்கம்பாக்கத்திலோ குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரு வாடகை வீட்டு முகவரியைக் காட்டுகிறவர்களிடம். அங்கே வரி இங்கே இருப்பதைவிட ரொம்பக் குறைவு. விலை ஏற ஏற வித்தியாசமும் ஏறும். 2017இல் கேரளத்தில் இது பெரிய வெடியாகவே வெடித்தது. நடிகர், நடிகை, எம்.பி. என்று பல பெயர்கள் அடிபட்டன. போலி முகவரி என்று வழக்குகள் பதிவாயின.

மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 40ஆவது பிரிவுப்படி, உரிமையாளர் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற, வண்டி வழக்கமாக நிறுத்தப்படுகிற மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். 47ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வண்டியை நிறுத்தி, "எத்தனை மாசமா இங்கே இருக்கு?" என்று கேட்கிற தைரியத்தில்தான் ஓட்டை.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணனிடம் பேசிப் பாருங்க. எஃப்.சி. தேதி தாண்டினால் என்ன ஆகும், இன்சூரன்ஸ் தாள் கையில் இல்லை என்றால் எவ்வளவு அபராதம், மீட்டர் சீல் எப்போது போட வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார். அவரை நிறுத்துகிற கை, பக்கத்தில் போகிற வேற்று மாநில நம்பர் சூப்பர் காரை நிறுத்த நடுங்குகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாதே! எந்த ஆட்சி வந்தாலும் இந்த நடுக்கம் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சரி, கள்ள வழிக்கு வருவோம். முன்பு சொன்ன பள்ளம்.

வெளிநாட்டுத் தூதர்கள் தங்கள் பயன்பாட்டுக்கு வரியில்லாமல் கார் கொண்டுவரலாம். அது உலகம் முழுக்க இருக்கிற மரியாதை. அந்த மரியாதையையே வியாபாரமாக்கினார்கள். தூதரின் பெயரில் கார் இறங்கும், அது போய் நிற்பது வேறொருவர் வீட்டு வாசலில். 2021இல் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் இப்படி ஒரு கூட்டத்தைப் பிடித்தது. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மான்டே கார்லோ'. ஐந்து ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் இப்படி வந்தன, 25 கோடி ரூபாய்க்கு மேல் சுங்கம் ஏய்க்கப்பட்டது என்று அந்த அமைப்பு சொன்னது.

2025 செப்டம்பரில் கேரளத்தில் நடந்தது இன்னும் சமீபம். பூட்டானிலிருந்து பழைய சொகுசு எஸ்.யூ.வி.களை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலி ஆவணங்களால் இந்தியாவில் பதிவு செய்து விற்றிருக்கிறார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. 'நும்கோர்' என்று பெயர் வைத்தார்கள். பூட்டான் மொழியில் வண்டி என்று பொருள். முதல் நாளே 36 வண்டிகளைப் பிடித்தார்கள். ராணுவத்தின் பெயரிலும் தூதரகத்தின் பெயரிலும் போலித் தாள்கள் செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். பிரபல நடிகர்கள் வீட்டில் சோதனை என்றதும், மறுபடியும் அதே ரசிகர் சண்டை. வாங்கினவருக்குத் தெரிந்ததா, தெரியாதா என்பது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் முடிவாகட்டும். நமக்கு உறுத்துகிற கேள்வி வேறு. இவ்வளவு வண்டிகளும் ஏதோ ஒரு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு மேசையைத் தாண்டித்தானே போயிருக்கும்? அந்த மேசையில் இருந்தவர் சுங்கத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இறக்குமதி ரசீது உண்மையா என்று கணினியில் பார்த்தாரா? நாடு முழுக்க ஒரே வாகனப் பதிவேடு இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். பதிவேடு ஒன்றாக இருந்தால், பொய்யும் ஒரே நொடியில் நாடு முழுக்கப் பரவும். ஒரு மாநிலத்தில் உள்ளே நுழைந்துவிட்ட போலி வண்டி, அடுத்த மாநிலத்துக்கு மாறும்போது அசல் வண்டியாகிவிடுகிறது.

நாளைக்கு வரப்போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி, வகுத்த எண்ணிக்கைக்குள் வருகிற பிரிட்டிஷ் கார்களுக்குச் சுங்கம் படிப்படியாக 10 சதவீதத்துக்கு வரும். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன், லோட்டஸ் எல்லாம் அங்கே செய்கிற வண்டிகள்தான். இதே ஒப்பந்தத்தில் நம்ம திருப்பூர்ப் பின்னலாடைக்கும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பொருளுக்கும் பிரிட்டனில் வரி போகிறது. அது நமக்கு நல்லது, அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சுங்கம் குறையும்போது முதலில் குறைக்கப்படுவது எது? பகிர வேண்டிய அடிப்படை வரியா, பகிராத செஸ்ஸா? இந்தக் கேள்வியை நம்ம எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். 70ஐத் தொட்டுவிட்டு 40ஐ அப்படியே வைத்துக்கொள்வார்கள் என்றால், பகிர்வதற்கு மிச்சம் இருப்பதும் கரைந்துபோகும்.

மாநில அரசும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 57ஆவது இனம் நம்ம கையில் இருக்கிறது. இறக்குமதி வண்டி எது பதிவுக்கு வந்தாலும், சுங்கத்துறையின் ரசீதை அவர்களிடமே இணையத்தில் சரிபார்க்காமல் ஆர்.சி. கொடுக்கக் கூடாது. வேற்று மாநில நம்பரில் 12 மாதத்தைத் தாண்டிய விலை உயர்ந்த வண்டிகளின் கணக்கைச் சுங்கச்சாவடிப் பதிவுகளையும் இன்சூரன்ஸ் முகவரியையும் வைத்தே எடுத்துவிடலாம். ரோட்டில் நின்று கையைக் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. நடுங்குகிற கைக்கு வேலை மிச்சம்.

மூன்று வருடத்துக்கும் ஐம்பது வருடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தைப் பற்றியும் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். எல்லாத் தோழர்களும் ஒத்துக்கொள்ள மாட்டீங்க, தெரியும். அமெரிக்காவில் 25 வருடம் ஆன வண்டியை, அங்கே விற்கப்படாத மாடலாக இருந்தாலும், பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கிக் கொண்டுவர விடுகிறார்கள். இங்கேயும் எண்ணிக்கையை இறுக்கி, முழு வரியும் வாங்கி, ஓட்டுகிற நாட்களுக்கும் புகைக்கும் கட்டுப்பாடு வைத்து, ஒரு வாசலைத் திறக்கலாம். பாதுகாப்பும் மாசும் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் மூடியிருக்கிற கதவைச் சுற்றித்தானே பூட்டான் வழியும் தூதர் வழியும் முளைத்தன? திருட்டு வண்டி விடுகிற புகைக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? வரியாவது வராதா?

இந்த வாரம் உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை யாராவது ஒரு நடிகர் காரின் படத்தைப் போட்டு "வரி கட்டினாரா?" என்று கேட்டால், கட்டினார் என்று ஒரு பக்கமும் கட்டவில்லை என்று இன்னொரு பக்கமும் போய் நிற்காதீங்க. அந்தப் பதிவின் கீழேயே இந்தக் கணக்கைப் போடுங்க. நூறும் பத்துமாக இருந்தது எழுபதும் நாற்பதுமாக மாறினது ஏன், அந்த நாற்பதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்க. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவருடைய பக்கத்தை டேக் செய்து கேளுங்க. நம்ம கட்சி எம்.பி.யாக இருந்தால் இரண்டு முறை கேளுங்க.